மாகாணத்தின் பலமும் எல்லையும்: ஆளுநர் உர்கீசாவும் அர்ஜென்டினக் கூட்டாட்சியின் உருவாக்கமும் (1842–1870)

முன்னுரை

அர்ஜென்டினாவின் அரசியல் சட்டம் 1853 மே 1 அன்று சாந்தா ஃபே நகரில் நிறைவேறியது. பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே. அது பிறப்பதற்கான அரசியல் முயற்சியைத் தொடங்கி வைத்தவர் ஹுஸ்தோ ஹோசே தே உர்கீசா (1801–1870). கசேரோஸ் போரை வென்றவர், அரசியல் சட்டப்படி அமைந்த முதல் அதிபர் என்ற இரண்டு அடையாளங்களில்தான் அவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் அதிபராக அவர் இருந்தது ஆறு ஆண்டுகள். எந்த்ரே ரியோஸ் மாகாணத்தின் ஆளுநராக இருந்ததோ மூன்று கட்டங்களில் (1842–54, 1860–64, 1868–70) சுமார் 18 ஆண்டுகள். நாட்டை ஒன்றிணைக்கும் வலிமையை அவருக்குக் கொடுத்தது ஆளுநர் பதவி. அந்த வலிமை எதுவரை செல்லும் என்பதைத் தீர்மானித்ததும் அதே பதவிதான். இக்கட்டுரை அதை நிறுவ முயல்கிறது.

அன்றைய அர்ஜென்டினாவில் ஆளுநர் என்பவர் மைய அரசு அனுப்பிவைத்த பிரதிநிதி அல்லர். மைய அரசு என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை. மாகாணச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த ஆளுநரே நிர்வாகத் தலைவர், படைத்தலைவர், கருவூலத்தின் காவலர்.

சுங்கமும் நதிகளும்

1831 ஜனவரி 4 அன்று கையெழுத்தான கூட்டாட்சி ஒப்பந்தம் மாகாணங்களைத் தளர்வான கூட்டமைப்பாக இணைத்தது. வெளியுறவைக் கவனிக்கும் பொறுப்பு புவனோஸ் அயர்ஸ் மாகாண ஆளுநர் ஹுவான் மனுவேல் தே ரோசாஸின் கைக்குப் போனது. கூட்டாட்சிவாதி என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டார். ஆனால் கூட்டாட்சியின் பொருளாதார அச்சை, அதாவது புவனோஸ் அயர்ஸ் துறைமுகச் சுங்கத்தை, பிற மாகாணங்களோடு பகிர்ந்துகொள்ள அவர் ஒருபோதும் இசையவில்லை. கடல்வழி வணிகம் முழுவதும் அந்த ஒரு துறைமுகத்தின் வழியே நடந்தாக வேண்டும். வரும் வரியோ ஒரே மாகாணத்தின் கருவூலத்துக்கு. பரானா, உருகுவாய் நதிகள் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு மூடப்பட்டிருந்தன.

எந்த்ரே ரியோஸ் இந்த இரு நதிகளுக்கும் இடையில் கிடக்கும் நிலம். தோலையும் உப்பிட்ட இறைச்சியையும் தன் கரையிலிருந்தே ஏற்றுமதி செய்யக்கூடிய மாகாணத்துக்கு இந்தத் தடை கழுத்தில் கட்டிய கல். 1845இல் பிரித்தானிய, பிரெஞ்சுக் கடற்படைகள் புவனோஸ் அயர்ஸை முற்றுகையிட்டபோது, உருகுவாய் நாட்டின் மொன்டேவிடியோவுடன் நடந்த நேரடி வணிகத்தால் எந்த்ரே ரியோஸ் செழித்தது. அந்த வணிகத்தை ரோசாஸ் மீண்டும் நெருக்கியதுதான் இரு ஆளுநர்களுக்கும் இடையிலான பிளவின் முதன்மையான பொருளாதாரக் காரணம்.

மாகாணத்தைக் கட்டியெழுப்புதல்

உர்கீசா 1842இல் ஆளுநரானபோது மாகாணம் போர்களால் நொந்திருந்தது. ரோசாஸின் தளபதியாக அவர் 1845இல் இந்தியா முவேர்த்தாவிலும் 1847இல் வென்செஸிலும் வென்றார். வென்செஸில் பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டனர். அவரை மதிப்பிடும் எவரும் இந்தக் கொடுமையை மறைத்துவிடக் கூடாது.

அதே ஆண்டுகளில்தான் ஆக்கப் பணிகளும் நடந்தன. சாந்தா காந்திதா என்ற இறைச்சி உப்பிடும் ஆலையை நிறுவினார். 1849இல் கொன்செப்சியோன் தெல் உருகுவாய் நகரில் அவர் தொடங்கிய கல்லூரி பல மாகாண மாணவர்களையும் ஈர்த்தது. பின்னர் 1857இல் சுவிட்சர்லாந்து, சவோய், பீட்மான்ட் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தம் நிலத்தில் சான் ஹோசே குடியிருப்பை அமைத்துக் கொடுத்தார்.

அவருடைய படைபலத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. ஆளுநர் அழைத்தால் நாட்டுப்புறக் குதிரைவீரர்கள் பெரும்பாலும் சம்பளமின்றி வந்து சேர்ந்தார்கள். கைம்மாறாக, பட்டா இல்லாத நிலத்தில் குடியிருந்து மாடு வளர்க்க அவர்களை மாகாணம் அனுமதித்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலை வரலாற்றாய்வாளர் ரொபெர்த்தோ ஷ்மித் விரிவாக ஆராய்ந்துள்ளார். உர்கீசாவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒருசேர விளக்குவது இதுவே.

1851 மே முதல் 1853 மே வரை

வெளியுறவுப் பொறுப்பிலிருந்து விலகுவதாக ஆண்டுதோறும் அறிவிப்பது ரோசாஸின் வழக்கம். மாகாணங்கள் கெஞ்சிக் கேட்டுத் தடுப்பதும் வழக்கம். 1851 மே 1 அன்று உர்கீசா அந்த விலகலை ஏற்றுக்கொண்டார். எந்த்ரே ரியோஸ் தன் வெளியுறவு அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எதிரிக் கட்சியான ஒற்றையாட்சியினருக்குச் சாவு கோரிவந்த அரசு முழக்கமும் மாறியது. இனி நாட்டை ஒழுங்கமைப்பதற்குத் தடையாக நிற்பவர்களே எதிரிகள். சட்ட வடிவத்தைக் கொண்டே சர்வாதிகாரியை மடக்கிய இந்த நகர்வு, அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான அரசியல் செயல் என்பேன்.

கோர்ரியெந்தெஸ் மாகாணமும் மொன்டேவிடியோ அரசும் பிரேசில் பேரரசும் துணை நின்றன. ஏறத்தாழ 28,000 பேர் கொண்ட பெரும்படை 1851 டிசம்பர் இறுதியில் தியமாந்தே அருகே பரானா நதியைக் கடக்கத் தொடங்கியது. படையின் செய்திமடலை எழுதப் பொறுப்பேற்றவர் எழுத்தாளர் சார்மியெந்தோ. உர்கீசாவின் கூடாரத்தைக் காத்த புர்விஸ் என்ற முரட்டு நாய் வந்தவர்களைக் கடித்ததைக்கூட அவர் பதிவுசெய்திருக்கிறார். தலைவரை நெருங்கவே அஞ்சவேண்டிய நிலையில், அரசியல் சட்டத்தை அவரிடம் எதிர்பார்த்த அறிவாளிகளின் தவிப்பை அந்தக் குறிப்பு காட்டிக்கொடுக்கிறது.

1852 பிப்ரவரி 3 அன்று கசேரோஸில் ரோசாஸ் தோற்று இங்கிலாந்துக்குத் தப்பினார். மே 31 அன்று ஆளுநர்கள் கூடிச் செய்த சான் நிக்கோலாஸ் உடன்பாடு, அரசியல் சட்டம் இயற்றும் பேரவைக்கு மாகாணத்துக்கு இரண்டு பிரதிநிதிகள் என்று சமமாக வகுத்தது. பெரிய மாகாணமான புவனோஸ் அயர்ஸுக்கு இது பொறுக்கவில்லை. அதன் சட்டமன்றம் உடன்பாட்டை மறுத்தது. செப்டம்பர் 11 கிளர்ச்சியோடு அந்த மாகாணம் பிரிந்தே போனது. மீதிப் பதின்மூன்று மாகாணங்கள் சாந்தா ஃபேயில் கூடி, சட்ட அறிஞர் அல்பெர்தியின் கருத்துகளைப் பெரிதும் அடியொற்றி அரசியல் சட்டத்தை இயற்றின. உள்நாட்டுச் சுங்கங்கள் ஒழிந்தன. நதிப் போக்குவரத்து எல்லாக் கொடிகளுக்கும் திறந்தது. சுங்க வருமானம் நாட்டுக்குப் பொதுவானது.

இரண்டு அரசுகள்

1854 மார்ச்சில் உர்கீசா அதிபரானார். எந்த்ரே ரியோஸின் பரானா நகரம் தலைநகரானது. எந்த்ரே ரியோஸ் மாகாணம் முழுவதும் மைய அரசின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்டது. நாட்டை நடத்தத் தம் மாகாணத்தையே அவர் கருவியாக்கினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் துறைமுகம் எதிரணியில் இருந்ததால் கூட்டமைப்பின் கருவூலம் வறண்டே கிடந்தது. ரொசாரியோ துறைமுகத்தை வளர்க்க 1856இல் கொண்டுவந்த வேறுபட்ட சுங்க விகிதங்களும் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை.

1859 அக்டோபர் 23 அன்று செபேதாவில் புவனோஸ் அயர்ஸ் படையை உர்கீசா வென்றார். வென்றவர் புவனோஸ் அயர்ஸுக்குள் படையோடு நுழையவில்லை. நகரின் வாயிலிலேயே, சான் ஹோசே தே ஃபுளோரெஸில், பேச்சு நடத்தினார். நவம்பர் 11 ஒப்பந்தப்படி புவனோஸ் அயர்ஸ் கூட்டமைப்பில் இணைய ஒப்புக்கொண்டது. அதன் 1859ஆம் ஆண்டு வரவுசெலவுத் தொகைக்கு ஐந்து ஆண்டுகள் உறுதி தரப்பட்டது. 1860இல் பதவிக்காலம் முடிந்ததும் உர்கீசா அதிகாரத்தை அடுத்த அதிபர் தெர்க்கியிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் ஆளுநரானார். சட்டம் வகுத்த நாளில் பதவியை விட்டு இறங்கியது, அவர் வென்ற எந்தப் போருக்கும் குறையாத சாதனை.

பவோனும் பின்வாங்கலும்

புவனோஸ் அயர்ஸோடு மீண்டும் போர் மூண்டது. 1861 செப்டம்பர் 17 அன்று பவோனில் அவருடைய குதிரைப்படை எதிரியின் குதிரைப்படையைச் சிதறடித்தது. ஆனால் நடுவில் நின்ற காலாட்படை புவனோஸ் அயர்ஸ் ஆளுநர் மித்ரேயிடம் உடைந்தது. பெரிதாகச் சேதப்படாத எந்த்ரே ரியோஸ் வீரர்களோடு உர்கீசா களத்தை விட்டு ஊர் திரும்பினார். உடல்நலக் குறைவு, தெர்க்கி மீதான அவநம்பிக்கை, போரால் களைத்த மாகாணத்தைக் காக்கும் எண்ணம் எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கின்றனர். அதன் விளைவில் ஐயமில்லை: மித்ரே நாட்டைப் பெற்றார், உர்கீசா மாகாணத்தைத் தக்கவைத்தார்.

அதற்கான விலையைப் பிற மாகாணங்கள் கொடுத்தன. லா ரியோஹாவின் தலைவர் பெஞலோசா 1863இல் கொல்லப்பட்டபோதும், 1865 ஜனவரி தொடக்கத்தில் உருகுவாய் ஆற்றின் எதிர்க்கரையில் பைசாந்து நகரம் வீழ்ந்தபோதும் உர்கீசா அசையவில்லை. பராகுவே போருக்கு அவர் திரட்டிய படை 1865 ஜூலையில் பசுவால்தோவில் கலைந்து வீடு திரும்பியது. அழைத்தால் வந்தவர்கள் இம்முறை நிற்கவில்லை. பிரேசிலோடு சேர்ந்து பராகுவேயை அடிக்க அவர்களுக்கு மனமில்லை. அத்தோடு, நிலத்துக்குப் பட்டாவும் பணமும் கேட்கத் தொடங்கிய புதிய சட்டங்கள் பழைய கொடுக்கல் வாங்கலை அறுத்துக்கொண்டிருந்தன.

1870 பிப்ரவரி 3 அன்று, கசேரோஸ் வெற்றியின் நினைவுநாளில், அதிபராகியிருந்த சார்மியெந்தோ உர்கீசாவின் சான் ஹோசே மாளிகைக்கு விருந்தினராக வந்தார். கசேரோஸுக்குப் பின் பகைவர்களாகிவிட்டிருந்த இருவரின் இந்த நட்பை மாகாணத்தில் பலர் துரோகமாகவே கண்டனர். ஏப்ரல் 11 மாலை, மாகாணத் தளபதி லோப்பெஸ் ஹோர்தானின் ஆதரவாளர்கள் மாளிகைக்குள் புகுந்து, குடும்பத்தாரின் கண்முன்னே உர்கீசாவைக் கொன்றனர். சில நாட்களில் மாகாணச் சட்டமன்றம் லோப்பெஸ் ஹோர்தானையே ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. மைய அரசின் படை நுழைந்தது. 1876 வரை மூன்று முறை கிளர்ச்சி எழுந்து அடங்கியது.

முடிவுரை

உர்கீசாவின் வாழ்விலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, அர்ஜென்டினக் கூட்டாட்சி சுங்க வருமானத்தை யார் பகிர்வது என்ற நடைமுறைச் சிக்கலில் பிறந்தது. இரண்டாவது, மைய அரசு இல்லாத இடத்தில் அதை உருவாக்கும் திறன் ஆளுநர் பதவிக்கு இருந்தது. ஆனால் அந்தத் திறன் உள்ளூர் மக்களோடு கொண்ட உடன்பாட்டில் தங்கியிருந்தது. மூன்றாவது, அந்த உடன்பாடு முறிந்ததும் தேசப் புகழால் ஆளுநரைக் காப்பாற்ற முடியவில்லை.

1880இல் புவனோஸ் அயர்ஸ் நகரம் மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு நாட்டின் தலைநகரானது. அந்த ஆண்டு அதிபரான ஹூலியோ ரோக்கா, உர்கீசா தொடங்கிய கல்லூரியில் படித்தவர். தலைநகர்ச் சிக்கல் அப்படித் தீர்ந்தாலும் வருமானச் சிக்கல் தீரவில்லை. மாகாணங்களுக்கான வரிப் பகிர்வுக்கு 1996 முடிவதற்குள் புதிய சட்டம் இயற்ற வேண்டும் என்று 1994 அரசியல் சட்டத் திருத்தம் கட்டளையிட்டது. அந்தக் கெடு கடந்தும் சட்டம் வரவில்லை. ஆளுநர்களும் மைய அரசும் இன்றும் இதே வழக்கை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உர்கீசாவை மாவீரராகவோ துரோகியாகவோ மட்டும் படித்தால் இந்த வழக்கின் வேர் நமக்குப் பிடிபடாது. ஆளுநராகப் படித்தால் பிடிபடும்.