எழும்பூர் அரசு அருங்காட்சியகம்: இயற்கை வரலாற்றுப் பிரிவு

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம், இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்று. அமராவதிச் சிற்பங்களுக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் பெயர்பெற்றது என்றாலும், இதன் தொடக்கம் கல்லும் கனிமமுமே. மதராஸ் இலக்கியச் சங்கம் அளித்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு, 1851இல் கல்லூரிச் சாலைக் கட்டடமொன்றின் மாடியில் தொடங்கப்பட்டது. முதல் பொறுப்பாளர், மருத்துவரான எட்வர்டு பால்ஃபர். 1854இல் அருங்காட்சியகம் எழும்பூருக்கு வந்தது.

அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உயிருள்ள விலங்குகளைக் காணக் கூட்டம் பெருகியதால், 1855இல் பால்ஃபர் இவ்வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலை அமைத்தார். அது பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே மக்கள் பூங்காவுக்கும், 1985இல் வண்டலூருக்கும் இடம்பெயர்ந்தது. பழைய சென்னைவாசிகள் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தனர்.

விலங்கியல் கூடத்தின் பெருமை, 1874இல் மங்களூர் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. அதன் முன்துடுப்பை நெருங்கிப் பார்த்தால், மனிதக் கையைப் போலவே மேற்கை எலும்பும் விரல் எலும்புகளும் வரிசையாகத் தெரியும். திமிங்கிலம் மீனன்று, பாலூட்டி என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த பாடமில்லை.

எட்கர் தர்ஸ்டன், சிலந்தியியல் அறிஞர் எஃப்.எச். கிரேவ்லி ஆகியோர் பின்னாளில் இதன் கண்காணிப்பாளர்களாக இருந்தனர். கிரேவ்லி காலத்தில், 1930இல், வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உருவானது. சிற்பக்கூடத்தோடு திரும்பிவிடாமல் விலங்கியல் கூடத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.