தண்டவாளத்துக்குக் கிடைக்கும் மரியாதை

தாம்பரமும் அதன் சுற்றுவட்டாரமும் ரயிலை நம்பி வளர்ந்தவை. 1931இல் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஸ்டேஷனை ஒட்டியே குடியிருப்புகள் பெருகின. வீட்டுக்கொரு கிணறு, ஒரு செப்டிக் டேங்க், அதுதான் ஏற்பாடு. 1978இல் உருவான மெட்ரோ வாட்டர் வாரியம் மாநகரைக் கவனித்தது. புறநகர் நகராட்சிகள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டன. 1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி, வீட்டுக்கு 5,000 ரூபாய் வீதம் மக்களிடமே வைப்புத்தொகை திரட்டிப் பாதாளச் சாக்கடைக்கு வழி செய்தது அந்நாளில் பெரிய துணிச்சல். தெற்கே ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியானது 2021இல்தான். ஆக, தண்டவாளமும் சாலையும் வீடுகளும் முந்திக்கொண்டன. கழிவுநீர்க் குழாய் கடைசியில் வருகிறது. இந்த வரிசைப் பிசகின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

ரயில்வே அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் அக்கம்பக்கமாக ஓடும் இப்பகுதியில், மேற்கிலிருந்து கிழக்கே போகும் குழாய் இரண்டையும் கடந்தாக வேண்டும். ஓடும் ரயிலை நிறுத்திப் பள்ளம் வெட்ட முடியாது. அடியில்தான் தள்ள வேண்டும். இந்தத் தொழில் தொடங்கியதே அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நார்தர்ன் பசிபிக் ரயில்வே, தண்டவாளத்தைப் பெயர்க்காமல் அதன் அடியில் குழாய்களைத் தள்ளிச் செலுத்தியது. 1970களில் ஜப்பானியர்கள், உள்ளே ஆள் இறங்கி மண் வெட்டத் தேவையில்லாதபடி அதை மாற்றினார்கள். அதுவே மைக்ரோ டனலிங். இரு முனைகளிலும் ஆழக் குழி எடுக்கிறார்கள். ஒரு குழியில் ஹைட்ராலிக் ஜாக்குகள் கான்கிரீட் குழாயை முதுகில் அழுத்துகின்றன. முன்னால் சுழலும் வெட்டுத்தலை மண்ணை அரைக்க, அது சேற்றுக்குழம்பாக மேலே வருகிறது. லேசர் கோடு காட்டும் திசை பிசகாமல், மேலே அறையில் அமர்ந்திருப்பவர் இயந்திரத்தை ஓட்டுகிறார். ஒரு குழாய் உள்ளே போனதும் அதன் பின்னால் அடுத்தது இறங்குகிறது.

இதே முறையைப் பெரிய சாலைகளுக்கும் கேட்டால், செலவு கட்டாது என்பார்கள். ஆழம் குறைந்த குழாய்க்கு அது உண்மை. ஆனால் கழிவுநீர் சரிவில் ஓட வேண்டியது. தூரம் கூடக் கூடப் பிரதான குழாய் ஆழத்துக்குப் போகிறது. அவ்வளவு ஆழத்தில் வெட்டினால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், ஊற்றுநீரை இறைக்க வேண்டும், பிறகு சாலையைப் புதிதாகப் போட வேண்டும். கடைக்காரரின் நஷ்டமும், மண் சரிந்தால் உள்ளே நிற்கும் தொழிலாளியின் உயிரும் எஸ்டிமேட்டில் எந்த வரியிலும் ஏறுவதில்லை. இரண்டாவது தடை வலுவானது: பாறை. 1893இல் தாமஸ் ஹாலண்ட், கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துச் சார்னகைட் என்று பெயரிட்ட பாறை, பல்லாவரம், பரங்கிமலைப் பாறைதான். ஓரிடத்தில் களிமண், அடுத்த இடத்தில் கெட்டிப் பாறை என்றால் வெட்டுத்தலை திணறும். அதனால் முறையைக் கைவிட வேண்டியதில்லை. டெண்டருக்கு முன்பே நெருக்கமாகத் துளையிட்டு மண் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டு இணைப்புக்கு எப்படியும் தெருவைத் தோண்டத்தானே வேண்டும் என்பதும் சரிதான். சிறு தெருக்களில் ஆழம் குறைந்த பள்ளமே போதும். நான் கேட்பது பிரதான குழாய்களுக்கு மட்டும்.

தண்டவாளத்துக்கு இந்த மரியாதை கிடைப்பது, மறுக்கும் அதிகாரம் ரயில்வேயிடம் இருப்பதால். அதே அதிகாரம் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் ஆம்புலன்ஸில் கிடப்பவருக்கும் இல்லை. அவர்கள் சார்பில் மாநகராட்சிதான் மறுக்க வேண்டும். நெரிசலான சாலையில் ஆழமான குழாய் என்றால் முதலில் அடிவழியைப் பரிசீலிப்பது, முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தருவது: இதை விதியாக்கினாலே போதும்.