அகலத் திரையா, துல்லியத் திரையா: ஓர் எழுபதாண்டு வழக்கு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் துப்பாக்கி வீரர்களுக்கு ஒரு புதுமையான பயிற்சி நடந்தது. உட்குழிந்த பெரிய திரையின் முன்னால் வீரரைத் துப்பாக்கியோடு உட்காரவைப்பார்கள். ஐந்து புரொஜெக்டர்கள் சேர்ந்து அந்தத் திரையில் வானத்தை விரிக்கும். எங்கோ ஓரத்திலிருந்து எதிரி விமானம் பாயும். குறி பட்டதா தவறியதா என்று எந்திரமே கணக்கு வைத்துக்கொள்ளும். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால், தயங்காமல் 'கேம்' என்று சொல்லிவிடுவார்கள்.

அதைச் செய்தவர் ஃபிரெட் வாலர். பாரமவுண்ட் ஸ்டூடியோவில் தந்திரக் காட்சிகளில் வேலை பார்த்தவர். தண்ணீரில் சறுக்கும் பலகைக்கு 1925இலேயே காப்புரிமை வாங்கியவர். ஒரு காட்சிக்குள் நாம் இருப்பதாக உணர்வதற்கு நேர்ப்பார்வை மட்டும் போதாது, கடைக்கண்ணில் விழுவதும் வேண்டும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. கேம் ஆடுவதற்கு மானிட்டர் வாங்கப் போகிறவர் இன்று கடையில் நின்று குழம்புகிறாரே, அகலமான 'அல்ட்ராவைட்'டா, பிக்சல் நெருங்கிய '4கே'யா என்று, அந்தக் குழப்பத்தின் ஒரு பாதி வாலரிடமிருந்து தொடங்குகிறது.

அவருக்கு முன்னால் திரைக்குப் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன், 35 மி.மீ. ஃபிலிமில் நான்கு துளைகளுக்கு ஒரு படம் என்று வகுத்தார். அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு. 1932இல் ஹாலிவுட்டின் அகாடமி அதைச் சற்றே திருத்தி 1.37க்கு 1 என்று உறுதி செய்தது. பிறகு வந்த தொலைக்காட்சிப் பெட்டியும் நான்குக்கு மூன்று என்றே நின்றது. வினை அங்கேதான் வந்தது. வீட்டிலேயே அதே வடிவத்தில் படம் தெரிகிறது என்றால் தியேட்டருக்கு எதற்குப் போவது?

வாலரின் பதில் 1952 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் திரையேறியது. பெயர் சினிராமா. மூன்று புரொஜெக்டர்கள், 146 பாகை வளைந்த திரை. முதல் காட்சியே ரோலர் கோஸ்டர் சவாரி. வந்தவர்கள் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டார்கள். ஆனால் மூன்று படங்களும் சேருமிடத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள் கடைசிவரை மறையவில்லை. ஒவ்வொரு தியேட்டரையும் உடைத்துக் கட்டினால்தான் படம் காட்ட முடியும் என்ற நிலையும் இருந்தது.

ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் சுருக்கு வழி தேடியது. ஆன்ரி கிரெத்தியென் என்ற பிரெஞ்சுக்காரர் 1920களில் உருவாக்கிய லென்ஸ் ஒன்று இருந்தது. அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி அதே 35 மி.மீ. ஃபிலிமில் பதிக்கும், தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். 1953இல் 'தி ரோப்' அப்படி வெளிவந்தது. சினிமாஸ்கோப் என்ற சொல் உலகம் சுற்றியது. 1973இல் ஏ.பி. நாகராஜனின் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தபோது, நம்மூர்ச் சுவரொட்டிகளிலும் அது பெருமைக்குரிய சொல்லாகிவிட்டது.

இந்த லென்ஸும் தன் விலையை வாங்கிக்கொண்டது. பழைய அளவு ஃபிலிமையே இரு மடங்கு அகலத்துக்கு இழுத்தால் படத்தில் ஃபிலிமின் பொரி (கிரெய்ன்) தெரியும். நெருக்கக் காட்சியில் நடிகரின் முகம் பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் உப்பியது. அமெரிக்க ஒளிப்பதிவாளர்கள் அந்தக் குறைக்கு அந்த நோயின் பெயரையே வைத்தார்கள்.

பாரமவுண்ட் எதிர்த் திசையில் போனது. 1954இல் 'ஒயிட் கிறிஸ்மஸ்' படத்துடன் வந்த விஸ்டாவிஷன், அகலத்தில் போட்டி போடவில்லை. ஃபிலிமை மேலிருந்து கீழாக ஓட்டாமல் படுக்கைவாட்டில் ஓட்டி, எட்டுத் துளைக்கு ஒரு படம் பிடித்தார்கள். படத்தின் பரப்பு இரு மடங்குக்கும் மேல். அதைச் சுருக்கிச் சாதாரண ஃபிலிமில் பிரதி எடுத்தபோது பொரியும் சுருங்கி, படம் கண்ணாடிபோல் தெளிந்தது. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' இந்த முறையில் எடுக்கப்பட்டதே.

இந்த இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மானிட்டர் விவகாரமும் இதிலேதான் சுழல்கிறது. விஸ்டாவிஷன் பிரதியை எந்தத் தியேட்டரிலும் இருக்கிற எந்திரத்திலேயே ஓட்டலாம். துல்லியம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. சினிமாஸ்கோப்புக்கோ தியேட்டர்காரர் லென்ஸ் வாங்க வேண்டும், திரை மாற்ற வேண்டும், இயக்குநர் அகலத்துக்கு ஏற்றபடி ஆட்களை நிறுத்த வேண்டும். அதே படம் தொலைக்காட்சிக்கு வந்தபோது இருபுறமும் வெட்டி, ஏறக்குறைய பாதிக் காட்சியைக் குப்பையில் போட்டார்கள்.

கணினித் திரை இந்தச் சண்டைக்கு வெகு தாமதமாக வந்தது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ 640×480, நான்குக்கு மூன்று. 1993இன் 'டூம்' கேம் வெறும் 320×200 புள்ளிகளில் உலகத்தை ஆட்டிவைத்தது. அதன் ஆரம்பப் பதிப்புகளில் ஓர் அதிசயம் இருந்தது: மூன்று கணினிகளை இணைத்து, இடது, நடு, வலது என்று மூன்று திரைகளில் ஒரே ஆட்டத்தைப் பார்க்கலாம். சினிராமாவேதான். பின்னர் வந்த பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள்.

துல்லியத்தின் பக்கமும் ஒரு முந்திரிக்கொட்டை உண்டு. 2001இலேயே ஐபிஎம் டி221 என்ற 22.2 அங்குல மானிட்டரில் 3840×2400 பிக்சல்கள் இருந்தன, அதாவது 92 லட்சத்துக்கும் மேல். ஆய்வுக்கூடங்களுக்கும் மருத்துவப் படங்களுக்கும் அது வரம்தான். ஆனால் ஆரம்ப மாடலில் படம் வினாடிக்குச் சுமார் 41 முறைதான் புதுப்பிக்கப்படும். ஓடி ஆடும் கேமுக்கு அது உதவாது.

கணினித் திரை இன்றைய வடிவத்துக்கு அகன்றதற்குத் தொலைக்காட்சிதான் காரணம். 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் வழக்கத்திலிருந்த வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்து, எல்லாவற்றுக்கும் நடுவில் பொருந்தும் 16க்கு 9 என்ற செவ்வகத்தைக் கண்டெடுத்தார். 2008 வாக்கில் பேனல் தொழிற்சாலைகள் கணினிக்கும் அதையே வெட்டத் தொடங்கின. 1920×1200 இருந்த இடத்தில் 1920×1080 வந்தது. 120 வரிகள் போயின. வாங்குகிறவரின் கண்ணை யாரும் கேட்கவில்லை. டிவிக்கும் மானிட்டருக்கும் ஒரே அளவுக் கண்ணாடி என்றால் ஆலைக்கு ஆதாயம்.

2009இல் இரண்டு வேலைகள் நடந்தன. ஏஎம்டி நிறுவனம் ஐஃபினிட்டி என்ற வசதியால் ஒரே கிராபிக்ஸ் கார்டில் மூன்று மானிட்டர்களைச் சேர்த்து ஆடவைத்தது. நடுவே பிளாஸ்டிக் சட்டங்கள், சினிராமாவின் அந்த இரண்டு கோடுகளைப் போலவே. அதே ஆண்டில் ஃபிலிப்ஸ், சினிமாஸ்கோப் படத்தைக் கறுப்புப் பட்டையின்றிக் காட்ட 56 அங்குல 21:9 தொலைக்காட்சியை வெளியிட்டது. டிவியாக அது நிலைக்கவில்லை. ஆனால் 2560×1080 என்ற அதே பிக்சல் கணக்கு 2012இல் 29 அங்குல மானிட்டராக மேசைக்கு வந்தது. 2014இல் 34 அங்குலத்தில் 3440×1440 வந்தது. கோடில்லாத சினிராமா கடைசியில் வீட்டுக்குள் நுழைந்தது.

4கே மானிட்டர்கள் சந்தைக்கு வந்தது 2013இல். வேடிக்கை என்னவென்றால், கோடு இங்கேயும் ஒட்டிக்கொண்டது. அன்றைய இணைப்புகளால் அவ்வளவு பிக்சலை ஒரே ஓட்டத்தில் கொண்டுபோக முடியாததால், ஆரம்பகால மானிட்டர்கள் சில தம்மை இரண்டு பாதித் திரைகளாகக் கணினியிடம் அறிமுகம் செய்துகொண்டன. சில நேரம் விண்டோஸ் இரண்டையும் ஒட்டவைக்கத் தவறிவிடும்.

கேம்களோ அகலத்தை வரவேற்பதா விரட்டுவதா என்று தெரியாமல் நின்றன. 2007இன் 'பயோஷாக்' அகலத் திரையில் பக்கவாட்டில் கூடுதலாகக் காட்டாமல், மேலும் கீழும் நறுக்கிக் காட்டியது. ஆடுபவர்கள் கொதித்தார்கள், பின்னர் திருத்தம் வந்தது. 2016இன் 'ஓவர்வாட்ச்' 21:9 திரையிலும் அதே கத்தரிக்கோலைத் தூக்கியது. எதிராளியைவிட அதிகம் பார்ப்பது அநியாயம் என்ற கவலை போட்டி ஆட்டங்களில் எப்போதும் உண்டு. 'ஓவர்வாட்ச்'சில் 2020இல்தான் கதவு திறந்தது. 2022இன் 'எல்டன் ரிங்' வந்தபோது இருபுறமும் கறுப்புப் பட்டை. 34 அங்குலம் வாங்கியவர் 27 அங்குலத்தில் ஆடினார். 4கே வாங்கியவருக்கு இந்த ஏமாற்றம் நேரவில்லை.

அவருக்கு வேறு தலைவலி. 3440×1440 என்றால் சுமார் 49.5 லட்சம் பிக்சல்; 4கே என்றால் 83 லட்சம். வினாடிக்கு அறுபது முறை, நூறு முறை அத்தனையையும் கிராபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும். 2018இல் என்விடியா கொண்டுவந்த டிஎல்எஸ்எஸ், சிறிய படமாக வரைந்து பெரிதாக்கித் தரும் வித்தை, இந்தச் சுமையை வெகுவாக இறக்கியது. மறுபக்கம், பெரிதாக வரைந்து சிறிய திரைக்குச் சுருக்கினால் விளிம்புப் பிசிறு மறையும் என்பதும் ஆடுபவர்களுக்குத் தெரியும். விஸ்டாவிஷன் பிரதி எடுத்த அதே முறைதான் அது.

கார்ப் பந்தயமும் விமான ஓட்டமும் ஆடுகிறவருக்கு, வாலர் சொன்ன கடைக்கண் காட்சிக்கு நிகராக எந்தத் துல்லியமும் ஆகாது. பலவகை ஆட்டம், இடையில் படிப்பு, எழுத்துவேலை என்று இருப்பவர், அனுமதி கேட்காத 4கே பக்கம் சாய்வதே நல்லது.

இரண்டும் ஒருசேர வேண்டும் என்ற ஆசையும் பழையதுதான். சினிராமாவிலிருந்து விலகிய மைக் டாட், மூன்று புரொஜெக்டர் செய்வதை ஒன்றே செய்ய வேண்டும் என்று கேட்டார், 1955இல் 'ஒக்லஹோமா!' 70 மி.மீ. பிரதியில் அகலமும் தெளிவுமாக வந்தது. அதற்கான புரொஜெக்டரைச் செய்தது, பிற்காலத்தில் 21:9 டிவி விற்ற அதே ஃபிலிப்ஸ். அந்தப் பிரதியை ஓட்ட வசதியுள்ள அரங்குகள் சிலவே. 2025இல் 45 அங்குலத்தில் 5120×2160 மானிட்டர் கேம் ஆடுபவர்களுக்கென்று வந்திருக்கிறது. ஒரு கோடியே பத்து லட்சம் பிக்சல். அதை முழு வேகத்தில் ஓட்ட வசதியுள்ள கிராபிக்ஸ் கார்டுகளும் இப்போதைக்குச் சிலவே.