காதோடு கேட்ட வானொலி



சோமனூரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் முன்பு பயின்ற மாணவன் ஒருவன் வந்தான். பகலில் கல்லூரிக்குச் செல்கிறான்; இரவில் தந்தையாருடன் தறிக்குடோனில் நிற்கிறான். வணக்கம் சொன்ன கையோடு, "ஏனுங்க ஐயா, ஆயிரம் ரூபாய்க்குள்ளே நல்ல ஹெட்போனா ஒண்ணு சொல்லுங்க. வீட்டுலயும் கேக்கோணும், தறிகிட்ட நிக்கறப்பவும் கேக்கோணும்" என்றான். கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை வரலாற்று ஆசிரியரிடம் கேட்கிறானே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, அவன் வந்த இடம் சரியே என்று தோன்றிற்று. குறைந்த செலவில் எப்படிக் கேட்பது என்ற கேள்வி வானொலி பிறந்த நாள்தொட்டு உள்ளது. அதற்கு முதலில் கிடைத்த விடையே ஹெட்போன் என்னும் இந்தக் காதொலிக் கருவி.

இன்று நாம் ஹெட்போனை ஒலிபெருக்கிக்குப் பின் வந்த நாகரிகப் பொருளாகக் கருதுகின்றோம். உண்மை இதற்கு நேர்மாறானது. வானொலி கேட்பவர்களின் கைக்கு முதலில் வந்தது ஹெட்போன். ஒலிபெருக்கி பின்னரே வந்தது. காரணம் எளிது. பேச்சையும் பாட்டையும் அறை முழுதும் பரப்புவதற்கு மின்னாற்றல் வேண்டும். அந்த ஆற்றலைப் பெருக்கித் தரும் வால்வுகளும், அவற்றை இயக்கும் பாட்டரிகளும் விலை மிகுந்தவை. எளியவன் வீட்டில் இருந்தது கிரிஸ்டல் செட். ஒரு கம்பிச் சுருள், காரீயத் தாதுவாகிய கலீனாவின் சிறு துண்டு, அதன்மேல் மெல்லத் தொட்டு நிற்கும் பூனை மீசை போன்ற கம்பி, வீட்டுக்கு மேலே நீண்ட ஏரியல், மண்ணில் புதைத்த மற்றொரு கம்பி, இவ்வளவுதான் அதன் உறுப்புகள். அதற்குப் பாட்டரியே தேவையில்லை. நிலையத்திலிருந்து காற்றில் வரும் அலைகளின் ஆற்றலைக் கொண்டே அது பேசும். அந்த ஆற்றலோ மிகமிகச் சிறிது. அறையை நிரப்ப அது போதாது. காதோடு ஒட்டிவைத்த ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை அதிரச் செய்ய மட்டும் போதும். மனிதச் செவியின் நுண்மையை நம்பியே அந்நாளைய ஏழையின் வானொலி நடந்தது.

கலீனாவை மின்னலைகளைக் கண்டறியும் கருவியாக்குவதில் முன்னோடியாக நின்றவர் நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1901-ஆம் ஆண்டில் அவர் பெயரால் அமெரிக்காவில் உரிமை விண்ணப்பம் செய்யப்பட்டது; 1904-இல் உரிமை கிடைத்தது. ஹெட்போனைக் கம்பியில்லாத் தந்திக்கு ஏற்றதாகச் செப்பனிட்டவர் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின். 1910-இல் அவர் தாமே செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்குச் சோதனைக்காக அனுப்பினார். கடற்படையினர் பரிசோதித்து வியந்தனர், நிறையக் கேட்டனர். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய இயலாது என்று அவர் விடை எழுதினாராம். ஏனெனில் அவருடைய தொழிற்சாலை அவர் வீட்டுச் சமையலறை! நம் ஊர்களிலும் வீட்டுக் கூடத்தில் ஒரு தறியைப் போட்டுத் தொழில் தொடங்கியவர்கள் பலர் உண்டாதலின், இந்தச் செய்தி எனக்கு அயலாகத் தோன்றுவதில்லை.

தமிழகத்துக்கு வானொலி வந்த வரலாற்றை நீங்கள் பாடநூலில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். 1924 மே 16-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-இல் அதன் ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதன் ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் நாற்பது வாட். முன்னாளில் நம் வீட்டு முற்றத்தில் எரிந்த ஒரு குண்டு பல்புக்குப் போதுமான மின்சாரத்தில் நகரத்துக்கே இசை வழங்கத் துணிந்தனர்! பின்னர் ஆற்றலைக் கூட்டினர். ஆயினும் பணமுடை விடவில்லை. 1927-இல் சங்கத்தின் ஒலிபரப்பு நின்றது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் பிறந்தன.

அந்த முதற்காலத்தில் குடும்பத்தில் ஒருவர் கேட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும். மேல்நாட்டு வீடுகளில் இதற்கொரு தந்திரம் செய்தனர். ஹெட்போனை ஒரு வெறும் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, மேசை நடுவில் வைத்து, எல்லோரும் சுற்றிக் குனிந்து கேட்டனர். கிண்ணம் ஒலியைச் சற்றே குவித்துக் கொடுத்தது. காசில்லாதவனின் ஒலிபெருக்கி அது.

கோவைப் பகுதிக்குச் சென்னை நிலையம் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவு. கிரிஸ்டல் செட்டுக்கு அது எட்டாது. வால்வு செட்டே வேண்டும். வால்வு செட்டுக்கு மின்சாரம் வேண்டும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே கோவையின் ஆலைகளோடு வீடுகளும் ஒளிபெற்றன. அடுத்த தடை விலை. அதனோடு மல்லுக்கட்டியவர் எங்கள் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-இல் அவர் அறிவித்தார். யூ. எம். எஸ். என்ற பெயர் தாங்கிய வானொலிப் பெட்டிகள் கோவையிலேயே உருவாயின. விலையைக் குறைப்பதும் ஒரு விஞ்ஞானமே என்று மாணவர்களுக்குச் சொல்ல நேரும்போதெல்லாம் நான் அவரைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

எங்கள் தலைமுறைக்கு வானொலி என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். மாலையில் கூம்பு ஒலிபெருக்கியின் கீழே ஊரே கூடும். 1966-இல் கோவை நிலையம் தொடங்கிய பின் எங்கள் பேச்சுவழக்கே வானொலியில் கேட்டது. அதற்குள் டிரான்சிஸ்டரும் வந்துவிட்டது. உலகின் முதல் விற்பனை டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-இல் அமெரிக்காவில் வெளிவந்த ரீஜென்ஸி. அதன் விலை 49 டாலர் 95 சென்ட். காதில் செருகும் கருவி வேண்டுமாயின் தனியே ஏழரை டாலர் தர வேண்டும். பெட்டியின் விலையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு! கருவியைக் காட்டிலும் உடன்வரும் பொருளில் வணிகர் ஆதாயம் பார்ப்பது புதிய வழக்கம் அன்று என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன். அந்த ஒற்றைக்காதுக் கருவியைச் சட்டைக்குள் மறைத்து வகுப்பில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட மாணவர்கள் என்னிடம் பலமுறை பிடிபட்டதுண்டு. கருவியைப் பறித்த பின், "எத்தனை விக்கெட்?" என்று நானே கேட்டதும் உண்டு.

அறிவியல் கண்காட்சி ஒன்றுக்காக மாணவரும் நானும் ஒரு கிரிஸ்டல் செட் செய்தோம். பழைய டெலிபோனின் காதுப் பகுதியை இணைத்தோம். ஏதும் கேட்கவில்லை. பிழை செட்டில் அன்று, காதுப் பகுதியில் இருந்தது. டெலிபோன் கருவி சில நூறு ஓம் தடையே உடையது. கிரிஸ்டல் செட்டுக்கோ இரண்டாயிரம் ஓமுக்கு மேற்பட்ட, மயிரினும் மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய ஹெட்போன் வேண்டும். கோவையில் பழைய பொருட்கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்து இணைத்தவுடன், கோவை நிலையத்தின் குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் மெல்லக் கேட்டது. அன்று நான் கற்ற பாடத்தை இன்றைக்கும் கடைக்குச் செல்வோர் நினைவிற் கொள்ளலாம். ஹெட்போனில் நல்லது கெட்டது என்று தனியே இல்லை. எந்தக் கருவியோடு இணைகிறது என்பதே முதற்கேள்வி. இன்றைய கைப்பேசிக்குப் பதினாறு முதல் முப்பத்திரண்டு ஓம் வரை உள்ளது பொருந்தும். வீட்டில் தனிப் பெருக்கிக் கருவி வைத்திருப்போர் வாங்கும் இருநூற்றைம்பது ஓம் கருவியைக் கைப்பேசியில் செருகினால், விலை கொடுத்து முணுமுணுப்பை வாங்கியதாகும்.

வீட்டுக்கு ஒன்று, வழிக்கு ஒன்று என்ற பிரிவும் வரலாற்றில் பிறந்ததே. 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டி.டி. 48 என்னும் இயங்குசுருள் ஹெட்போனை வெளியிட்டது. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்பவர் இரு காதுக்கும் இருவேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை இசை கேட்பதற்கென்றே கொண்டுவந்தார். இவை கனமானவை, நாற்காலியில் சாய்ந்து கேட்கத் தக்கவை. 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேன் கருவியை விற்கத் தொடங்கியபோது, அதனுடன் வந்த ஹெட்போனின் எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. மனிதன் நடந்துகொண்டே இசை கேட்கலானான். அம்முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன. தனியே கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று செய்தவர்களே அஞ்சினர் போலும்!

இனி நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். வீட்டுக்கு என்றால் விடை கூறுவது எளிது. கம்பி உள்ளதையே வாங்கு என்றேன். கம்பியில்லாக் கருவியில் நீ கொடுக்கும் பணம் பாட்டரிக்கும், அலைவாங்கிக்கும், ஒலிக்குமாகப் பிரிந்து போகும். கம்பியுள்ளதில் பெரும்பகுதி ஒலிக்கே சேரும். பாட்டரி சில ஆண்டுகளில் சோரும். கம்பி அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். உன் கைப்பேசியில் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். இல்லையேல் சிறு இணைப்பி ஒன்று வேண்டும். காதின்மேல் மெத்தென்று அமர்கிறதா, அரைமணி நேரம் போட்டால் வலிக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பார். நீ நன்கறிந்த ஒரு பாட்டைக் கேள். புதிய பாட்டில் குறை தெரியாது.

"தறிகிட்ட நிக்கறப்ப, ஐயா?" என்றான்.

அந்த இடத்தில் என் பேச்சு நின்றது. என் தந்தையாரும் தறியில் நின்றவர். ஐம்பது வயதுக்குள் அவருக்குக் காது மந்தமாயிற்று. வானொலிப் பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு செய்தி கேட்பார். வீட்டில் நாங்கள் அவரிடம் கத்திப் பேசுவோம். அந்நியர் பார்த்தால் சண்டை என்று நினைப்பர். அந்நாளில் அதனை முதுமை என்றே எண்ணினோம்.

விசைத்தறிக் கூடங்களின் இரைச்சல் தொண்ணூறு டெசிபலைத் தாண்டுவது வழக்கம். எண்பத்தைந்து டெசிபலில் எட்டு மணி நேரமே செவிக்கு எல்லை என்று அறிஞர் கணித்துள்ளனர். மூன்று டெசிபல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும். எண்பத்தெட்டில் நான்கு மணி. தொண்ணூற்றொன்றில் இரண்டு மணி. நூறு டெசிபலில் கால் மணி நேரம். தறிச் சத்தத்தையும் மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமாயின், பாட்டைத் தறியைக் காட்டிலும் உரக்க வைக்க வேண்டும். அப்போது செவிக்கு வேலை தரும் பகைவர் இருவராகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, இசைக் கருவிகளில் எண்பது டெசிபல் அளவில் வாரத்துக்கு நாற்பது மணி நேரமே எல்லை என்கிறது.

"சத்தத்தைத் தடுக்கற ஹெட்போன் இருக்குதுங்களே?" என்று அவன் விடாமல் கேட்டான். உண்டு. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் 1978-இல் விமானப் பயணத்தின்போது அதற்குரிய கணக்கை எண்ணினார். 1989-இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. வெளிச்சத்தத்துக்கு எதிரான அலையை உண்டாக்கி அதனை அழிக்கும் முறை அது. விமான எஞ்சினின் சீரான ரீங்காரத்தை அது நன்கு அடக்கும். நாடா அடித்து மீளும் தறியின் வெட்டொலியை அது அவ்வளவு அடக்காது. ஆயிரம் ரூபாய்க் கருவியில் அதனை எதிர்பார்ப்பதும் வீண். தறிகிட்ட உனக்கு வேண்டியது பாட்டன்று, காதடைப்பான் என்றேன். நுரையால் செய்தது, விலையோ சில ரூபாய்கள். விரலால் உருட்டி மெலிதாக்கி, காதுக்குள் வைத்து, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயிலில் ஒட்டவைத்தால் பயனில்லை.

அவன் முகம் வாடிற்று. இரவு முழுதும் பாட்டின்றி நிற்பதன் அலுப்பு எனக்கும் தெரியும். அதனால் நான் மேலும் வற்புறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து அவனுடைய தந்தையார் கடைவீதியில் என்னைக் கண்டு வண்டியை நிறுத்தினார். பையன் அறுநூறு சொச்சத்தில் கம்பி வைத்த ஹெட்போன் வாங்கியிருக்கிறானாம். மீதிப் பணத்தில் காதடைப்பான் இருவருக்கும் வாங்கி வந்தானாம். "எனக்கு மொதல்ல இஷ்டமில்லீங்க, வாத்தியாரய்யா. தறி பேசறது கேக்காட்டி, நூல் அறுந்தா எப்படித் தெரியும்னு நெனச்சேன். போட்டுப் பாத்தா, சத்தந்தான் கொறயுது; நின்ன தறி எதுன்னு இப்பவும் தெரியுதுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்துக்கு மிக அருகில் நின்று, உரத்த குரலில்தான் சொன்னார்.