லோடு இழுக்கும்போது டிராக்டர் சூடாகிறதா?

கரும்பு லோடுடன் மேடு ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனால், உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஓரங்கட்டி, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அணையுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ உடனே அணைத்துவிடுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம், செலவு பெரிது.

பெரிய ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார்களா? முதலில் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். முன்பக்கம் தூசியும் சோகையும் அடைத்திருக்கும். ஆறியபின் ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கி மிதமாகக் காற்றடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை உள்ளே போய் உட்காரும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். கிணற்று உப்புத்தண்ணீர் வேண்டாம். உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கூலன்ட் ஊற்றுங்கள்.