ஜன்னல் ரப்பர் கழன்று வருகிறதா? எதை நீங்களே சரிசெய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

ஜன்னலை இறுக்கிச் சாத்தியாச்சு. ஆனாலும் விடியற்காலையில் சுமத்ரா காற்று மழையோடு வந்து அடித்தால், ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பழைய துண்டை மடித்து வைத்துச் சமாளிக்கிறீர்களா? விரைவுச்சாலைச் சத்தமும் முன்பைவிட அதிகமாகக் கேட்கிறதா?

பெரும்பாலும் அதற்குக் காரணம், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர் பட்டை. அதைச் சரிசெய்வது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் அடுக்குமாடி வீட்டில் ஜன்னலில் கைவைக்கும் முன்னர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் தளர்ந்தால் தண்ணீர் வரும். ரிவெட்டும் திருகாணியும் தளர்ந்தால் ஜன்னலே கீழே விழலாம். முதலாவது உங்கள் வேலை. இரண்டாவது குத்தகையாளரின் வேலை.

முதலில், எங்கே கசிகிறது?

ஜன்னலில் இரண்டு இடங்களில் ரப்பர் இருக்கும். ஒன்று, கண்ணாடிக்கும் அதைப் பிடித்திருக்கும் சட்டத்துக்கும் நடுவில். மற்றொன்று, திறந்து மூடும் பகுதி சுவரில் பதித்த சட்டத்தோடு சேரும் இடத்தில். தள்ளித் திறக்கும் ஜன்னலாக இருந்தால் ரப்பருக்குப் பதிலாகப் பிரஷ் போன்ற பட்டையும் இருக்கலாம்.

கதவு மாதிரித் திறக்கும் ஜன்னலுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து ஜன்னலை மூடுங்கள். உள்ளிருந்து மெதுவாக இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக அழுந்தவில்லை. இப்படியே நாலு பக்கமும் பாருங்கள்.

தள்ளித் திறக்கும் ஜன்னலில் தண்ணீர் தேங்கினால், உடனே ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். ஜன்னல் ஓடும் டிராக்கில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். உள்ளே வரும் மழைநீரை அவைதான் வெளியே அனுப்புகின்றன. தூசியும் முடியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுப் பக்கம் வழியும். பழைய பல் துலக்கும் பிரஷால் டிராக்கைச் சுத்தம் செய்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ரப்பர் ஏன் தளர்கிறது?

வெயிலும் வெப்பமும்தான் முக்கியக் காரணம். காலப்போக்கில் ரப்பர் கெட்டியாகி, சுருங்கி, வெடிக்கும். சுருங்கும்போது முதலில் மூலைகளில்தான் இடைவெளி தெரியும். கீல் சாய்ந்து ஜன்னல் நேராக மூடாவிட்டாலும் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கிக் கழன்று வரும். அப்படியானால் ரப்பரை மாற்றிப் பயனில்லை. கீலைப் பார்க்க ஆள் வர வேண்டும்.

நீங்களே செய்யக்கூடியது

வீட்டுக்குள், தரையில் நின்றபடி, கைக்கு எட்டும் இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

1. ரப்பர் நல்ல நிலையில் இருந்து, காடியிலிருந்து மட்டும் வெளியே வந்திருந்தால் புதிது வாங்க வேண்டாம். ரப்பரையும் காடியையும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, மூலையில் தொடங்கிக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சி போதும்.

2. ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பழைய பட்டையில் ஒரு சிறு துண்டை வெட்டி ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். குறுக்குவெட்டு வடிவம் அப்படியே பொருந்த வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று வாங்கினால், ஜன்னல் மூடாது. அல்லது மறுபடியும் கசியும்.

3. புதிய பட்டையை இழுத்துப் பொருத்தாதீர்கள். இழுத்த ரப்பர் சில வாரங்களில் பழைய நீளத்துக்குத் திரும்பி, மூலையில் இடைவெளி விடும். கொஞ்சம் நீளமாக வெட்டி, நெருக்கித் தள்ளுங்கள்.

4. ரப்பர் உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது என்றால் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கலாம். சமையல் எண்ணெய், கிரீஸ் வேண்டாம். பல ரப்பர்கள் எண்ணெய் பட்டால் உப்பிப் பாழாகும்.

சிலிக்கோன் பசை பூசலாமா?

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, உட்பக்கம் உள்ள விரிசலுக்குப் பூசலாம். பழைய பசையை முழுதாகச் சுரண்டி எடுத்து, உலரவிட்ட பிறகே பூச வேண்டும். பழைய சிலிக்கோன்மேல் புதியது சரியாக ஒட்டாது.

வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் உலோகத்தை அரிக்கக்கூடும். நியூட்ரல் என்று குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள். கசிவு நிற்கும் என்று நினைத்துப் பலர் செய்யும் தவறு இது. தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாவிட்டால் அது வீட்டுக்குள்தான் வரும்.

இரட்டைக் கண்ணாடி மங்கலாக இருக்கிறதா?

சத்தத்தைக் குறைக்க யூபிவிசி சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் போட்டிருக்கிறீர்களா? கண்ணாடி மங்கலாகத் தெரிந்தால் இரண்டு பக்கமும் எது ஈரம் என்று பாருங்கள். ஏர்கோன் ஓடும் அறையில் வெளிப்பக்கம் நீர் படிவது சகஜம். சிங்கப்பூரின் ஈரமான காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் அப்படித்தான் ஆகும். அது பழுதில்லை.

உட்பக்கம் துடைத்தும் போகவில்லை, வெளிப்பக்கமும் உலர்ந்திருக்கிறது என்றால் ஈரம் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஓரத்தில் காற்றுப் புகாமல் ஒட்டிய அடைப்பு விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். மேலே எவ்வளவு பசை பூசினாலும் பலனில்லை. முழுச் சட்டத்தையும் மாற்றத் தேவையில்லை, கண்ணாடித் தொகுப்பை மட்டும் மாற்ற முடியுமா என்று குத்தகையாளரிடம் கேளுங்கள்.

யூபிவிசி ஜன்னலில் கண்ணாடியைச் சுற்றி உட்பக்கம் ஒரு பிளாஸ்டிக் விளிம்பு இருக்கும். கண்ணாடியைப் பிடித்திருப்பதே அதுதான். அதை நெம்பி எடுக்காதீர்கள்.

இங்கே நிறுத்துங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஜன்னலை மூடிப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்:

• கீலிலோ திருகாணியிலோ துரு
• திறக்கும்போது ஜன்னல் ஆடுவது, ஒரு பக்கம் தொங்குவது
• தள்ளித் திறக்கும் ஜன்னல் டிராக்கைவிட்டு வெளியே வருவது, அதைத் தடுக்கும் ஸ்டாப்பர் இல்லாமல் போயிருப்பது
• கண்ணாடியில் விரிசல்
• வெளியே எட்டிச் சாய்ந்தால்தான் செய்ய முடியும் என்ற எந்த வேலையும்

வீட்டுப் பணிப்பெண்ணிடம் ஒப்படைக்கலாமா? முடியாது. வெளிப்பக்கம் பார்த்த ஜன்னலை அவர் சுத்தம் செய்வதற்கே மனிதவள அமைச்சு 2012-இலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கிரில் பூட்டியிருக்க வேண்டும், முதலாளி அல்லது ஒரு பெரியவர் கூட நின்று கண்காணிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜன்னலைப் பராமரிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. கதவு மாதிரித் திறக்கும் ஜன்னல்களில் உள்ள அலுமினிய ரிவெட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட்டுகளாக மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் 2004-ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. அலுமினிய ரிவெட் காலப்போக்கில் அரித்துப்போகும் என்பதே காரணம்.

மாற்றாதவர்களுக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பராமரிக்காததால் ஜன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஜன்னல் வேலையைக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற குத்தகையாளரே செய்ய வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஜன்னல்களைப் பார்க்கும்படி அமைப்புகள் நினைவூட்டுகின்றன.

உங்கள் வீடு புதுசாக இருக்கலாம். தாத்தா பாட்டி வீடு அப்படி இருக்காது. அடுத்த முறை அங்கே சாப்பிடப் போகும்போது ஜன்னல் கீலை ஒரு தடவை பாருங்கள். ரிவெட் மங்கிய சாம்பல் நிறத்தில், பொடி பூத்த மாதிரித் தெரிந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். "இத்தனை வருஷமா ஒன்னும் ஆகலையே" என்பார்கள். கீழே நடைபாதையில் போகிறவர்களையும் நினைத்து, குத்தகையாளரை நீங்களே கூப்பிட்டுக் கொடுங்கள்.