இயல் மடக்கைச் செயற்கூறு (இணைய நிரலாக்கம்)

இயல் மடக்கைச் செயற்கூறு, இணைய நிரல் மொழிகளோடு உடன்வரும் கணிதக் கருவிகளுள் ஒன்று. 2.71828 எனத் தொடங்கும் ஆய்லர் எண்ணை (இதன் அடிமானம்) எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் கொடுத்த எண் கிடைக்கும் என்பதை இது கணித்துத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் இதன் பெயர் ‘மேத்.லாக்’; பிஎச்பியில் ‘லாக்’. சேமிப்பு, வளர்ச்சி வீதம், இணைய வரைபடம் முதலிய கணக்குகளில் இது பயன்படுகிறது.

வரலாறு

மடக்கையை ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் பிரெண்டன் ஐக் 1995இல் உருவாக்கினார். 1997இல் வந்த அதன் முதல் தரநிலையிலேயே மேத்.லாக் இடம்பெற்றது. 10, 2 ஆகிய அடிமானங்களுக்கான ‘லாக்10’, ‘லாக்2’ ஆகியவை 2015 பதிப்பில்தான் சேர்ந்தன. பிஎச்பியில் 4.3ஆம் பதிப்பு முதல் அடிமானத்தை இரண்டாவது மதிப்பாகக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் இயல் மடக்கையே கிடைக்கும்.

பெயர்க் குழப்பம்

கணிப்பானில் ‘லாக்’ விசை 10ஐ அடிமானமாகக் கொண்டது. இயல் மடக்கைக்கு ‘எல்என்’ என்ற தனி விசை உண்டு. நிரலாக்கத்தில் இந்த வழக்கம் சீராக இல்லை. 1000ஐக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, தரவுத்தள மென்பொருளான மையெஸ்கியூஎல் ஆகியவற்றின் ‘லாக்’ 6.9078 என்று விடை தரும். மற்றொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல், எக்செல் ஆகியவற்றின் ‘லாக்’ 3 என்று தரும். ஒரே தளத்தில் உலாவி ஒரு விடையும் தரவுத்தளம் வேறொரு விடையும் தருவது இதனால்தான்.

பயன்பாடு: சேமிப்பு

மலேசிய ஊழியர் சேமநிதி வாரியம் 2023ஆம் ஆண்டுக்கு வழக்கமான சேமிப்புக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு அறிவித்தது. அதே வீதம் நீடித்து, பணம் எடுக்கப்படாமலும் புதிதாகச் சேராமலும் இருந்தால் தொகை எப்போது இரட்டிக்கும்? மேத்.லாக்(2) ÷ மேத்.லாக்(1.055) = 12.95, அதாவது ஏறத்தாழ 13 ஆண்டு. 2024இன் 6.3 விழுக்காட்டில் இது 11.35 ஆண்டாகக் குறையும். இரு மடக்கைகளின் விகிதம் என்பதால் இங்கு அடிமானம் எதுவானாலும் விடை மாறாது. தவறான செயற்கூற்றை அழைத்திருந்தாலும் பிழை வெளியே தெரியாது.

பயன்பாடு: வரைபடம்

வரைபடத்தில் பிழை உடனே தெரிந்துவிடும். இணைய வரைபடங்கள் உலகை ஒரு சதுரமாக விரித்து, 256 படப்புள்ளி அகலமுள்ள ஓடுகளாக வெட்டுகின்றன. 12ஆம் உருப்பெருக்க நிலையில் ஒரு பக்கத்துக்கு 4096 ஓடுகள். தீர்க்கரேகையிலிருந்து ஓட்டின் நெடுவரிசையைக் காண எளிய விகிதம் போதும். கிடைவரிசைக்கு மடக்கை வேண்டும்: அட்சரேகையை ரேடியனாக மாற்றி, அதன் டேன்ஜென்ட், சீகன்ட் ஆகியவற்றின் கூட்டலுக்கு இயல் மடக்கை காண வேண்டும். அதைப் பை எண்ணால் வகுத்து, 1இலிருந்து கழித்து, பாதியாக்கி, 4096ஆல் பெருக்க வேண்டும்.

மலேசியாவின் கிள்ளான் நகரம் வடக்கு 3.04 பாகை, கிழக்கு 101.45 பாகையில் உள்ளது. மடக்கை 0.05308, கிடைக்கும் ஓடு 3202ஆம் நெடுவரிசை, 2013ஆம் கிடைவரிசை. நகருக்கு வடக்கேயுள்ள மேரு அதற்கு மேலுள்ள ஓட்டில், 2012ஆம் வரிசையில் விழும். இதே கணக்கில் தவறுதலாக 10 அடிமான மடக்கையைப் போட்டால் வரிசை 2032 ஆகிவிடும். கிள்ளான் 190 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போய், மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவில் டுமாய்க்கும் பெக்கான்பாருவுக்கும் இடையில் போய் நிற்கும்.

எல்லைகள்

ஜாவாஸ்கிரிப்டில் 1இன் மடக்கை 0. 0இன் மடக்கை எதிர்ம முடிவிலி. எதிர்ம எண்ணுக்கு ‘எண் அல்ல’ என்ற மதிப்பே கிடைக்கும். படிவத்தில் பயனர் எதையும் தட்டச்சு செய்யலாம் என்பதால், எண் 0ஐ விடப் பெரியதா என்று முன்னரே சோதிப்பது அவசியம். தசமக் கணக்கில் நுண்பிழையும் உண்டு: மேத்.லாக்(1000) ÷ மேத்.லாக்(10) என்பது 3 ஆகாமல் 2.9999999999999996 என்று வரும். அதன் முழுஎண் பகுதியை மட்டும் எடுத்தால் 2தான் மிஞ்சும். இத்தகைய இடத்துக்கு மேத்.லாக்10 பொருத்தமானது.

புதிய மொழியிலோ தரவுத்தளத்திலோ வேலை தொடங்குபவர் முதலில் ‘லாக்’ செயற்கூற்றுக்கு 10ஐக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 1 வந்தால் அது 10 அடிமான மடக்கை, 2.302585 வந்தால் இயல் மடக்கை.